மூட்டு யார் கணக்கில்?

மாயாபந்தரிலிருந்து டிக்லிப்பூருக்குச் சாலை வழியே போகிறவர்கள் ஆஸ்டின் நீரிணையைச் செங்கப்பா பாலத்தின் மேல் கடக்கிறார்கள். 268 மீட்டர் நீளமுள்ள இந்தப் பாலம்தான் நடு அந்தமானையும் வட அந்தமானையும் சாலையால் சேர்க்கிறது. 2004 டிசம்பர் 26 காலை பூமி குலுங்கியபோது அதன் தூண்கள் சாயவில்லை. தளமும் முறிந்து நீரில் விழவில்லை. நடுவிலிருந்த மூன்று கண்களின் தளம் மட்டும் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து, தான் உட்கார்ந்திருந்த பேரிங்குகளை விட்டு இறங்கிவிட்டது. அதன்பின் இலகுரக வாகனங்களை மட்டுமே விட முடிந்தது. அரிசியும் சிமென்டும் லாரியில் ஏற்றிப்போக வேண்டியவர்களுக்கு அப்படிப்பட்ட பாலம் இருந்தும் இல்லாததுதான்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2002 செப்டம்பர் 14 அதிகாலையில், டிக்லிப்பூர்ப் பக்கம் 6.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. புதிதாகக் கட்டியிருந்த இந்தப் பாலத்தின் பேரிங்குகள் அப்போதே தொந்தரவு கொடுத்தன. பார்வையிட்ட பொறியியல் வல்லுநர்கள் அதை எழுதியும் வைத்தார்கள். அந்தமான் முழுவதும் அப்போதைய நிலநடுக்க வரைபடத்தில் ஐந்தாம் மண்டலம். நாட்டிலேயே கடுமையான வகை. ஆக, குலுக்கம் எதிர்பாராத விருந்தாளி இல்லை.

தூண் ஒரு பெரிய உருப்படி. தளம் இன்னொரு பெரிய உருப்படி. எஸ்டிமேட்டில் பக்கம் பக்கமாக இவற்றுக்கு இடம் உண்டு. எம் புக்கில் (அளவுப் பதிவேட்டில்) அளவெடுத்துப் பில் போட வசதியானவையும் இவைதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பேரிங், தளம் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கும் தடுப்புக் கட்டை ஆகியவை செலவில் சிறியவை, கண்ணுக்கும் அதிகம் படாதவை. யார் எங்கே தவறினார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பிரித்துச் செய்யப்படும் எந்த வேலையிலும் பலவீனம் துண்டுகளுக்குள் இருப்பதைவிட, துண்டுகள் சேரும் இடத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பதற்கு மாயாபந்தர் கையருகே வைத்திருக்கும் சான்றாக இதைப் பார்க்கிறேன்.

பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது இன்று மேலாண்மைப் படிப்பில் தனிப் பாடம். ஒர்க் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர் என்பார்கள். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தை நடத்தியபோது உருவான முறைகளில் இதற்கு வேர் இருக்கிறது. 1968-இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை இதற்கென ஒரு தரநிலையையே வெளியிட்டது. அதன் சாரம் எளிது. முடிவில் கையில் கிடைக்க வேண்டிய பொருள் என்ன என்று முதலில் எழுது. அதை அங்கங்களாகப் பிரி; ஒவ்வொரு அங்கத்தையும் ஒருவர் பொறுப்பேற்று, விலை சொல்லி, நாள் குறித்து முடிக்கக்கூடிய அளவு வரை பிரித்துக்கொண்டே போ. பிரித்தவை எல்லாம் கூடினால் முழு வேலையும் வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு நூறு சதவீத விதி என்று பெயர்.

எல்லோரும் படிப்பது முதல் பாதியை. பிரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மலைபோல் இருந்தது இருபது வரிகளாகிவிட்டது, வரிக்கு ஒரு ஆள் போட்டாயிற்று, இனி வேலை தானாக நடக்கும் என்று தோன்றிவிடும். நூறு சதவீத விதியைச் சரிபார்க்க உட்காருகிறவர்கள் குறைவு. காரணம், விடுபட்டது எது என்று பட்டியல் சொல்லாது. பட்டியலில் இல்லாததைப் பட்டியலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். குலுக்கம் வந்தால் எது நகரும், மழை வந்தால் எது நிற்கும், கப்பல் வராவிட்டால் எது காத்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

மாயாபந்தருக்கு இந்தக் கேள்விகள் ஏட்டுக் கேள்விகள் இல்லை. 2006 முதல் வட, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம் அது. சென்னையிலிருந்து கடலில் சுமார் 1,200 கிலோமீட்டர் கடந்தால் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). அங்கிருந்து மாயாபந்தருக்குச் சாலையில் இன்னும் 240 கிலோமீட்டர் அளவில். கம்பி, சிமென்ட், தார், மோட்டார், அதற்கான உதிரிப் பாகம் என்று பெரும்பாலும் எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும்போதே வடகிழக்கு வந்துவிடும். நிம்மதியாக மண் வெட்டி, தார் ஊற்ற ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். வருடத்துக்கு நான்கு மாதம்.

ஒரு சிறு பகுதி எட்டு மணி நேரத்துக்குக் குறையாமலும் எண்பது மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்கட்டும் என்று மேலாண்மைப் பயிற்சிகளில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அது பொருந்தும். தீவில் அது உதவாது. இங்கே ஒரு பகுதி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை மழையும் கப்பலும்தான் தீர்மானிக்கின்றன. ஒரு சுகாதார நிலையக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரம், சுவர், கூரை, மின்சாரம், குழாய் என்று கட்டும் வரிசையில் பிரிப்பது வழக்கமான முறை. அப்படிப் பிரித்தால் டெண்டர் முடிந்து பொருள் வந்து சேரும்போது மார்ச் ஆகியிருக்கும். அஸ்திவாரம் தோண்டிய கையோடு மழை பிடித்துக்கொள்ளும். குழியில் நிற்கும் தண்ணீரை இறைப்பதே அடுத்த சில மாத வேலை. டிசம்பருக்குள் எவை கரையில் இருக்க வேண்டும், ஏப்ரலுக்குள் எவை கூரைக்கடியில் போக வேண்டும், மழையிலும் உள்ளே எவற்றைச் செய்யலாம் என்று பிரித்தால் அதே கட்டடம் வேறு பட்டியலாகிவிடும். அதில் ‘சென்னைத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றம்’ என்பது ஓர் அடிக்குறிப்பாக இராது, அஸ்திவாரத்துக்குச் சமமான தனி அங்கமாக, பெயர் போட்ட பொறுப்பாளரோடு நிற்கும்.

அந்தமான் டிரங்க் ரோட்டை எடுத்துக்கொண்டால் சிக்கல் வேறு வடிவில் தெரியும். இன்று தேசிய நெடுஞ்சாலை 4. தெற்கு அந்தமானிலிருந்து பாராடாங், கதம்தலா, ரங்கத், மாயாபந்தர்ப் பக்கம் வழியாக டிக்லிப்பூர் வரை ஓடுகிறது. அகலப்படுத்தும் வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்து டெண்டர் விட்டார்கள். இவ்வளவு நீளச் சாலைக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் வெட்டும்போது எல்லாக் கிலோமீட்டரும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. ஜிர்காடாங்கைத் தாண்டி ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகும் பகுதி மற்ற பகுதிகளைப் போன்றதா? அங்கே வண்டிகள் குறித்த நேரத்தில் அணியாகத்தான் போக வேண்டும். அந்தப் பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. அந்தத் துண்டில் வேலை என்பது ஜல்லியும் தாரும் மட்டும் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வும் அதற்குள் அடங்கும். அதையும் ‘இத்தனை கிலோமீட்டர்’ என்று ஒரு வரியில் அடைப்பது பட்டியலின் குற்றம்.

நீரிணைகளும் அப்படித்தான். ஹம்ப்ரி நீரிணையில் 1.45 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது கட்டி முடிக்கும் வரை, இருபுறமும் சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி ஃபெர்ரிக்குக் காத்திருந்தது. சாலை தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று ஆய்வுக் கூட்டத்தில் சொல்லலாம். மாயாபந்தரிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு தெற்கே விரையும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு அந்தத் தொண்ணூறு எதற்கு? முன்னேற்றத்தைச் செலவழித்த பணத்தாலும் போட்ட கிலோமீட்டராலும் அளக்கிற நம் அரசு வழக்கத்தில், சுலபமான துண்டுகளை முதலில் முடித்துச் சதவீதத்தை ஏற்றிக்கொள்ளும் ஆசை எப்போதும் உண்டு. கடினமான இணைப்பு கடைசிக்குத் தள்ளப்படும். திட்டம் ‘ஏறத்தாழ முடிந்த’ நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பிரித்தது பலித்த கதையும் இதே தீவுகளில் உண்டு. சென்னை – அந்தமான் நிகோபார் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பித் திட்டத்துக்கு 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்தாயிற்று. சுமார் 2,300 கிலோமீட்டர், சுமார் 1,224 கோடி ரூபாய். கடலடி ஆய்வு, கப்பலில் கம்பி இடுதல், கரையேறும் நிலையங்கள் என்று பிரிந்த வேலை, நடுவே பெருந்தொற்று வந்தும் நிற்கவில்லை. போர்ட் பிளேரைத் தவிர ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களில் கம்பி கரையேறியது. பட்டியலில் மாயாபந்தர் இல்லை. அருகில் இருப்பது ரங்கத்தான். அங்கிருந்து வடக்கே மாயாபந்தருக்கும் டிக்லிப்பூருக்கும் மிச்ச தூரம் தரையில். அந்தத் தரை எது? அகலப்படுத்த டெண்டர் விட்ட அதே நெடுஞ்சாலையின் ஓரம். மண் அள்ளும் இயந்திரம் தொலைபேசிக் கம்பியை வெட்டிவிட்டது என்பது இந்தியாவில் எந்த ஊருக்கும் புதுச் செய்தி இல்லை. சாலைத் திட்டத்தின் பட்டியல் அதனளவில் முழுமை; கம்பித் திட்டத்தின் பட்டியலும் அதனளவில் முழுமை. இரண்டும் உரசும் அந்த ஓரடி அகலப் பள்ளம் எதிலும் இல்லை.

பட்டியலுக்கு வெளியே நின்று பார்ப்பதற்குப் பாம்பனில் இரண்டு பாடம் கிடைக்கிறது. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தபோது, மீட்க ஆறு மாதம் என்று ரயில்வே நினைத்த வேலையைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதிய கர்டர்களை வரவழைப்பது ஒன்றுதான் வேலை என்றிருந்த கணக்கில், விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்பப் பொருத்துவது என்ற இன்னொரு வேலையையும் அவர் கண்டுபிடித்தார். அதே கடலில் இப்போதைய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படுவதற்கு முன்பு, 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் எழுப்பிய ஆட்சேபங்களில் முக்கியமானது, செங்குத்தாக உயரும் நடுப்பகுதியின் வடிவமைப்பில் ரயில்வேயின் சொந்த ஆய்வு அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. ஈடுபடாதது. ஐ.ஐ.டி.கள் சரிபார்த்தன என்று ரயில்வே பதில் சொன்னது. சரிபார்ப்பு நடந்ததா என்பதல்ல, அது யார் கணக்கில் வரும் என்பது முன்கூட்டியே எழுதப்படாததுதான் அங்கே பிரச்சினையானது.

பிரிப்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. நம் அலுவலகங்களில் வேலையைத் துண்டாக்குவதற்குக் கெட்ட பெயர் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. மேலதிகாரியின் ஒப்புதல் வரம்புக்குக் கீழே கொண்டுவரக் கொள்முதலைச் சிறிது சிறிதாக உடைக்கும் கலை பழையது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் அதைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. அது பணத்துக்காகப் பிரிப்பது, வேலைக்காகப் பிரிப்பது இல்லை. நல்லெண்ணத்தோடே அளவுக்கு மீறிப் பிரித்தாலும் தொல்லைதான். துண்டு ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. ஒரு கூடுதல் துண்டு குறைந்தது ஒரு கூடுதல் மூட்டையாவது கொண்டுவரும். நான்கு மாதம் மட்டுமே வேலை நடக்கும் ஊரில், கோப்பு நகர ஜனவரி போய்விட்டால் நஷ்டம் ஒரு மாதம் இல்லை, ஒரு வருடம்.

2021 அக்டோபரில் தொடங்கிய பி.எம். கதிசக்தி, சாலை, கம்பி, மின்தடம் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் அடுக்கிப் பார்க்க வழி செய்கிறது. வரைபடம் டெல்லியில் மட்டும் இருந்தால் பயன் அரை அளவுதான். மாயாபந்தரில் துணை ஆணையர் அலுவலகம் இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபரில், உலர்காலம் தொடங்கும் முன், அந்தமான் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலை நிறுவனம், பி.எஸ்.என்.எல்., மின்துறை, வனத்துறை ஆகியோரை அங்கே ஒரே மேசையில் உட்கார வைத்து, அவரவர் வேலைப் பட்டியலை அப்படியே விட்டுவிட்டு, ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைத் தொடும் இடங்களை மட்டும் தனித்தாளில் எழுதலாம். சாலை ஓரத்துக் கம்பி எந்தக் கிலோமீட்டரில் எந்த வாரம் வெளியே தெரியும்; பாலத்தின் பேரிங்குகளை உலர்காலத்தில் யார் இறங்கிப் பார்ப்பார்கள்; தார் டிரம்கள் எந்தக் கப்பலில் வரும், வராவிட்டால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் துறையின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும். அவர் இடமாற்றலாகிப் போனால், புதிதாக வருகிறவர் முதல் நாளே அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.