கேட்க வெட்கம், உண்ண வெட்கமில்லையா?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கியூபெக்கில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பள்ளியிலிருந்து ஒரு தாள் வருகிறது. பிள்ளைகளை மேப்பிள் தோப்பிலுள்ள சர்க்கரைக் குடிலுக்கு அழைத்துச் செல்கிறார்களாம். மதிய உணவும் அங்கேதானாம். பெற்றோரில் ஒரு சாரார் எதையும் விசாரிக்காமல் கையொப்பமிடுகின்றனர். மறு சாரார் அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே நிறுத்திக்கொள்கின்றனர். இரு சாராருமே தவறிழைக்கின்றனர் என்கிறோம் நாம்.

காய்ச்சல் என்போரைக் கேட்கிறோம்: அந்தக் குடிலில் நீங்கள் அஞ்சுவது எதை? இரவில் உறைந்து பகலில் உருகும் இப்பருவத்தில் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுக்கிறார்கள். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். ஐரோப்பியர் வருமுன்பே இம்மண்ணின் பூர்வகுடிகள் அறிந்திருந்த தொழில் இது. சூடான பாகைப் பனியில் ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தின்பதில் என்ன வழிபாடு இருக்கிறது? பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் இதைக் கண்டு மிரளுவதுதான் வேடிக்கை. உணவுப் பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவை; ஹராம் என்பதற்கே ஆதாரம் வேண்டும். ஹலாலான ஒன்றைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளையின் காதுபடவே பொய் சொல்வது எந்த மார்க்கம்?

விசாரிக்காமல் அனுப்புவோரின் பிழையோ இதனினும் பெரிது. அங்கே பரிமாறப்படும் மரபான உணவைப் பாருங்கள். பட்டாணி சூப்பில் பன்றித் தொடை இறைச்சி. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு. தட்டின் ஓரத்தில் மொறுமொறுவெனப் பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகள். போதாதற்கு, பாகு ஊற்றிச் சமைத்த ஹாம். நம் மதரஸா மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், இறைச்சித் துண்டுகளை ஒதுக்கிவிட்டால் பீன்ஸைச் சாப்பிடலாம்தானே? வாப்பா அப்படித்தான் சொன்னாங்க." மணிக்கணக்கில் வெந்து பீன்ஸோடு கரைந்துவிட்ட கொழுப்பை எந்தக் கரண்டியால் ஒதுக்குவது?

பாகிலும் ஒரு விஷயம் உண்டு. அது பொங்கி வழியாதிருக்க அக்காலத்தில் பன்றிக் கொழுப்புத் துண்டொன்றைப் பாத்திரத்தின் மேல் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. இன்று பலர் தாவர எண்ணெயையே பயன்படுத்துகின்றனர். உங்கள் குடிலில் எது என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்டால் வம்பு வரும் என்பது பலருடைய சாக்கு. இதற்கு அவர்கள் 2007 மார்ச்சில் நடந்ததைச் சான்று காட்டுகின்றனர். அப்போது ஒரு சர்க்கரைக் குடிலில் முஸ்லிம்கள் சிலர் பன்றியில்லா உணவு கேட்டதும், அங்கேயே தொழுததும் ஊடகங்களில் பெரும் புயலைக் கிளப்பின. ஆனால் 2008இல் வெளியான பூஷார்–டெய்லர் ஆணைய அறிக்கை சொல்வதென்ன? அக்குழுவினர் முன்கூட்டியே உரிமையாளர்களைச் சந்தித்துப் பேசியிருந்தனர். உணவு மாற்றம் அவர்களுக்கு மட்டுமே செய்யப்பட்டது. தொழுகை 10 நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. பரவிய செய்திதான் திரிக்கப்பட்டிருந்தது. கேட்டவர்கள் முறையாகவே கேட்டிருந்தனர். பிறர் பரப்பிய திரிபுக்கு அஞ்சி நம் பிள்ளையின் தட்டில் எது விழுந்தாலும் சரி என்றிருப்பது எச்சரிக்கையா, கோழைத்தனமா?

ஆசிரியரிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். சூப்பும் பீன்ஸும் தனியே சமைக்க இயலுமா, முட்டையையும் பான்கேக்கையும் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். கூடுதல் செலவென்றால் கொடுங்கள். இயலாது என்றால் வீட்டிலிருந்து சோறு கட்டிக் கொடுத்து, பனியில் ஊற்றிய பாகை மட்டும் தின்று வரச் சொல்லுங்கள்.

அந்த மாணவனிடமும் இதையே சொன்னோம். "வாப்பாவுக்குப் பிரெஞ்சு சரியா வராது ஹஜ்ரத், நானே டீச்சர்கிட்ட கேக்கட்டுமா?" என்றான். கேள் என்றோம். நமக்கும் அவன் அளவுக்கு வராது.