தீ மூட்டி ஐஸ் செய்யும் வண்டி

கேம்பர் வேன் பார்த்திருப்பீர்கள், ஹாலிவுட் படத்திலாவது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படுக்கை, அடுப்பு சகிதம் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற வண்டி. அதில் பிரிட்ஜும் உண்டு. காட்டுக்குள் நிறுத்தினால் கரண்ட்டுக்கு எங்கே போவது? பல வண்டிகளில் அடுப்பு எரிகிற அதே காஸ் சிலிண்டரில்தான் பிரிட்ஜும் ஓடுகிறது. ஆமாம், தீ மூட்டி ஐஸ் செய்கிறார்கள்!

இதில் மோட்டாரும் கிடையாது, கம்ப்ரசரும் கிடையாது. மூடிய குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். சின்னச் சுடர் ஒன்று அமோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்க, அமோனியா ஆவியாகி மேலே போகிறது. பின்பக்கக் குழாயில் சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. அடுத்த குழாயில் ஹைட்ரஜன் காத்திருக்கிறது. அங்கே அமோனியாவின் பங்கு அழுத்தம் குறைவு (டால்டன் விதி, மனப்பாடம் செய்தோமே, அதேதான்). அதனால் மறுபடி ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு தண்ணீர் அமோனியாவைக் கரைத்துக்கொண்டு சுடருக்கே திரும்புகிறது. 1922-ல் இதை உருவாக்கிய பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் இருவரும் அப்போது ஸ்டாக்ஹோமில் மாணவர்கள். நாமும்தான் ப்ராஜெக்ட் செய்கிறோம் :-)

இது பழைய சரக்கு, கம்ப்ரசர் பிரிட்ஜ்தான் சிக்கனம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். இதன் திறன் குறைவு என்பது உண்மைதான். ஆனால் திறனை மட்டும் பார்ப்பது அரைகுறைக் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட். லெட் ஆசிட் பேட்டரி என்றால் அதிலும் பாதியைத்தான் தைரியமாகத் தொடலாம். ஒரு கிலோ காஸிலோ கிட்டத்தட்ட 13 யூனிட் வெப்பம் இருக்கிறது. கொஞ்சம் வீணானால்தான் என்ன?

இதே பிரிட்ஜை 12 வோல்ட்டிலும் ஓட்டலாம். ஆனால் சுடருக்குப் பதில் எரிகிற ஹீட்டர் 10 ஆம்பியருக்குக் குறையாமல் தின்னும், அதனால் இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் அது சரி. வண்டியை நிறுத்திய பிறகும் ஓடவிட்டால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி. திட்டு மட்டும் பிரிட்ஜுக்கு!

பலவீனங்களும் இருக்கின்றன. திரவம் தானாக வழிந்து ஓடவேண்டும் என்பதால் வண்டி சமதளத்தில் நிற்கவேண்டும். கடும் வெயிலில் குளிர் போதாது. வெயில் கொளுத்துகிற இடத்துக்குப் போகிறவர் கூரையில் சோலார் பலகை மாட்டிக் கம்ப்ரசர் பிரிட்ஜே வைத்துக்கொள்ளட்டும், நான் மறுக்கவில்லை. மரநிழலில் நாலு நாள் அசையாமல் நிற்கப்போகிறவருக்கு, அதுவும் குளிர்ந்த ஊரில், என் ஓட்டு காஸுக்குத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. எரிந்த புகையும் சூடும் வெளியேற வண்டிச் சுவரில் துவாரங்கள் இருக்கும். அவற்றைக் கண்டபடி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கான அலாரம் மாட்டாத வண்டியில் படுக்கச் சொன்னால் நான் வரமாட்டேன்.