சிவப்பாக இருந்தால் ரத்தமா?

சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்குத் திடீர் மவுசு வந்திருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் பிள்ளைகள் பறித்துத் தின்ற பழம், இன்று பாட்டிலில் சர்பத்தாக நம் கடைகளுக்கு வருகிறது. வரட்டும், விற்போம். ஆனால் பாட்டிலில் ஒட்டிய லேபிளைப் படித்தால் வயிறு கலங்குகிறது. ரத்தம் ஊறுமாம், சர்க்கரை நோய் தீருமாம்!

பழத்தின் சிவப்பு, பீட்ரூட்டில் உள்ள அதே பீட்டாலெயின் சாயம். இரும்போ, பெரிய ரகக் கள்ளிப்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 0.3 மில்லிகிராம்தான். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கணக்கு நமக்குத் தெரியாததா? பத்து கிலோ பழம் தின்றால்தான் ஒரு நாள் பற்று நேராகும்.

சர்க்கரை நோய்க்கு மெக்சிகோவில் ஆராய்ந்தது பெரும்பாலும் கள்ளியின் மடலை. அங்கே அதைக் காய்கறியாகச் சமைக்கிறார்கள். சீனிப்பாகு ஊற்றிய சர்பத்தை நோயாளியிடம் நீட்டுவதற்கு அது சாட்சியாகாது.

சைதாப்பேட்டையில் 1780களின் கடைசியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டதும் சிவப்புச் சாயத்துக்காகத்தான், சாயப்பூச்சி வளர்க்க. அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

பழத்துக்கு உள்ள நல்ல குணத்தைச் சொல்லியே விற்கலாம். 100 கிராமில் மக்னீசியம் 85, கால்சியம் 56, வைட்டமின் சி 14 மில்லிகிராம் அளவில் உண்டு. நார்ச்சத்து மூன்றரை கிராம். காய்ச்சினால் வைட்டமின் சி குறையும் என்பதால் பழமாக விற்பதே மேல். சுணையைச் சுத்தமாக நீக்க வேண்டும்; தொண்டையில் குத்தினால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். விதையோடு நிறையத் தின்றால் மலம் இறுகும் என்றும், சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரத்தில் பங்கு கொண்டவரும் தப்ப முடியாது. கடை வாசலில் அட்டை தொங்கவிடுபவர்கள் யோசிக்கட்டும்.

என் கவலை அபராதம் மட்டுமல்ல. பழவேற்காட்டில் 'பாடு' முறைப்படிதான் ஏரியில் வலை போட முடியும். முறை வராத நாளில் இந்தப் பழம் மீனவக் குடும்பத்துக்கு நாலு காசு தரக்கூடும். சரக்கின் பேர் ஒருமுறை கெட்டால் முதலில் அடிபடுவது முள் குத்தப் பறித்தவர்கள்தான். சர்பத் கம்பெனி நாளைக்கே வேறு பழத்துக்கு மாறிவிடும்.

ஆகவே நோய் தீர்க்கும் லேபிள் ஒட்டிய சரக்கை நம் உறுப்பினர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். சுணை நீக்கிய பழத்தை எடை போட்டு, கடன் சொல்லாமல் கையோடு பணம் கொடுத்து வாங்க வேண்டும்.