எண்ணும் எண்ணெயும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் கியர் எண்ணெய்க்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கப் போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரதியை எப்படி வாசிப்பது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். பிழையான வாசிப்பினால் எந்தக் கவிதையும் இதுவரை செத்துப் போனதில்லை. அடுத்த தலைமுறையில் வேறொருவர் வந்து அதைச் சரியாக வாசித்துக்கொள்வார். பழைய காரின் கையேட்டைப் பிழையாக வாசித்தாலோ உள்ளே பித்தளை தேய்கிறது. ஆகவே சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது எம்ஜிபி என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது. எஞ்சின் 1798 சிசி, உந்துவது பின் சக்கரங்களை. அங்கே குடியேறிவிட்ட என் அத்தான் 1972ஆம் ஆண்டு வண்டி ஒன்றை வைத்திருக்கிறார். அதன் கையேட்டைப் பிரதியெடுத்து எனக்கு அனுப்பிய கையோடு, கியர்பாக்ஸ், பின் அச்சின் டிஃபரன்ஷியல் இரண்டிலும் ஒரே எண்ணெயை, ஜிஎல்-5 என்று முத்திரையிட்ட விலையுயர்ந்த 75டபிள்யூ-90 ஒன்றை, ஊற்றப் போவதாகவும் சொன்னார். ஏன் என்றேன். "ஜிஎல்-4 பழசு, ஜிஎல்-5 புதுசு. நாலை விட அஞ்சு பெரிசுன்னு தமிழ் வாத்தியாருக்கு நான் சொல்லித் தரணுமா?" என்றார்.

அத்தானைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருட்களை எண்களால் வரிசைப்படுத்தி, மேலே இருப்பதை வாங்கினால் குற்றவுணர்ச்சி இல்லை என்று நம்பும் நம் காலத்துப் பொதுப்புத்தி அது. என் சண்டை அந்தப் பொதுப்புத்தியோடுதான்.

முதலில் இந்த ஜிஎல் என்பது என்ன? அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்த பயன்பாட்டுப் பிரிவு. எஞ்சின் எண்ணெய்க்கும் அதே நிறுவனம் எஸ்ஏ, எஸ்பி, எஸ்சி என்று எழுத்து வரிசை வைத்திருக்கிறது. அங்கே எழுத்து முன்னேற முன்னேறப் பழையது காலாவதியாகிப் புதியது அதன் இடத்தில் அமரும். அந்தப் பழக்கத்தை அப்படியே கியர் எண்ணெய்க்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இங்கே 4, 5 என்பவை தலைமுறைகள் அல்ல, வேலைகள். மிதமான சுமைக்கு நான்கு. கடுஞ்சுமையும் அதிர்ச்சியும் தாங்கவேண்டிய ஹைப்பாயிட் பல்சக்கரங்களுக்கு ஐந்து. இரண்டும் இன்றும் நடப்பில் உள்ள பிரிவுகள். எண் கூடினால் தரம் கூடும் என்பவர்கள் ஜிஎல்-6 என்று ஒன்று இருந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா? இருந்தது. அதைச் சோதிக்கும் கருவிகளே இல்லாமல் போய், பிரிவும் வழக்கொழிந்தது. ஆறு செத்துவிட்டது, நான்கு உயிரோடு இருக்கிறது. இந்த வரிசையில் ஏணியைத் தேடுவது எவ்வளவு அபத்தம்!

சரி, ஏன் இரண்டு வேலைகள்? டிஃபரன்ஷியலில் எஞ்சினிலிருந்து வரும் தண்டின் சிறு பல்சக்கரம், பெரிய வளையச் சக்கரத்தின் நடுக்கோட்டில் வந்து இணைவதில்லை. சற்றுக் கீழே தள்ளி இணைகிறது. இதற்குத்தான் ஹைப்பாயிட் என்று பெயர். தண்டு கீழிறங்குவதால் காரின் தளமும் தாழ்கிறது, பல்லோடு பல் சேரும் பரப்பும் கூடுகிறது. ஆனால் நடுக்கோடு விலகியதற்கு ஒரு விலை உண்டு. பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு நில்லாமல் நீளவாக்கில் வழுக்கித் தேய்க்கின்றன. அழுத்தமும் வழுக்கலும் சேரும்போது எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். அந்தக் கணத்தைச் சமாளிப்பதற்காகவே எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். பற்கள் உரசும் இடத்தின் சூட்டில் அவை எஃகோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்குகின்றன. பல்லுக்குப் பதிலாக அந்தத் தோல் உரிகிறது. மறுபடி உண்டாகிறது, மறுபடி உரிகிறது. ஈபி, அதாவது மிகை அழுத்தம் என்று கையேடுகள் சொல்வது இதைத்தான். ஜிஎல்-5இல் இந்தச் சரக்கு தாராளம். ஜிஎல்-4இல் ஏறக்குறைய பாதி.

கியர்பாக்ஸின் கதை வேறு. அங்குள்ள சாய்பற் சக்கரங்களில் ஹைப்பாயிட் அளவுக்கு வழுக்கல் இல்லை. அங்கே கவலைப்பட வேண்டிய ஜீவன் சிங்க்ரோ வளையம், செம்பு கலந்த உலோகத்தில் செய்த சிறு கூம்பு வளையம். (எம்ஜிபியில் 1967 வரை முதல் கியருக்கு இது கிடையாது. பிறகுதான் நான்குக்கும் வந்தது.) கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது இந்த வளையத்தின் வேலை. எப்படிக் கொண்டுவருகிறது? உராய்ந்து. எண்ணெயை விலக்கிவிட்டு எதிர்க்கூம்பைக் கடித்துப் பிடித்துத்தான். வழுக்குவதற்காக ஊற்றப்பட்ட எண்ணெய்க்குள் மூழ்கிக்கொண்டே உராய்வினால் பிழைக்க வேண்டிய முரண் அதனுடையது. கந்தகத்துக்கோ எஃகு, செம்பு என்ற பாகுபாடு தெரியாது. சூடேறினால் செம்போடும் வினைபுரியும். டிஃபரன்ஷியலில் உயிர்காக்கும் அதே சரக்கு, இங்கே வளையத்தின் முகத்தை அரிக்கவும் கடியைத் தளர்த்தவும் கூடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை ஒளிக்க விரும்பவில்லை. இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்கள் செம்புத் தகட்டுச் சோதனையில் தேறியவை, ஆகவே பயம் வேண்டாம் என்பார்கள். ஜிஎல்-5 ஊற்றிய மறுநாளே பித்தளை கரைந்துவிடும் என்று எதிர்த்தரப்பு பரப்பும் பீதியும் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோதனை என்னவென்று பார்க்க வேண்டாமா? மெருகேற்றிய செம்புத் தகட்டை 121 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் எண்ணெயில் ஊறவைத்து, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஒரு வண்ண அட்டையோடு ஒப்பிடுகிறார்கள். அசையாத தகட்டின் நிறத்தைப் பற்றிய தீர்ப்பு அது. ஆண்டுக்கணக்கில் கடித்து விடுபட்டு மீண்டும் கடிக்கும் வளையத்தின் உராய்வைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. மாணவனின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவன் கவிஞன் என்று சான்றளிப்பது போல.

இப்போது கையேட்டுக்கு வருவோம். அத்தான் அனுப்பிய பக்கம் சொல்வது இது: பின் அச்சுக்கு ஹைப்பாயிட் 90, கியர்பாக்ஸுக்கு எஞ்சினில் ஊற்றும் அதே எண்ணெய். ஆமாம், 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய். இதைக் கண்டதும் 'அச்சுப்பிழை' என்று திருத்தக் கிளம்புகிறவர்கள் நிறைய. ஐம்பது எங்கே, தொண்ணூறு எங்கே, பாதி கெட்டி எண்ணெயில் கியர் எப்படிப் பிழைக்கும் என்பது அவர்கள் வாதம். இதுவும் எண் மயக்கம்தான். எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் எஸ்ஏஇ வைத்திருப்பவை இரு வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில் கியர் எண்ணெய் 90இன் பாகுநிலை 13.5இல் தொடங்குகிறது, 18.5ஐத் தொடுவதில்லை. எஞ்சின் எண்ணெய் 50இன் பாகுநிலை 16.3 முதல் 21.9 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கவிகின்றன. சில 50கள் சில 90களைவிடக் கெட்டி என்பதே உண்மை. முழத்தையும் மீட்டரையும் ஒப்பிட்டு எது நீளம் என்று அடித்துக்கொள்ளும் கதை. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய் என்பது அந்த நிறுவனத்துக்குப் புதிய சிந்தனையும் அல்ல. 1959இல் அவர்கள் வெளியிட்ட மினி காரில் கியர்பாக்ஸ் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

திருத்தல்வாதிகளை விட்டால் மறுமுனையில் பக்தர்கள். கையேட்டில் எழுதியிருப்பதைத் தவிர எதையும் தொடமாட்டோம் என்பவர்கள். அக்காலக் கையேடுகளின் எண்ணெய் அட்டவணைகளில் காஸ்ட்ரால் ஹைபாய், ஷெல் ஸ்பைராக்ஸ் 90 ஈபி என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். ஸ்பைராக்ஸ் என்ற பெயர் இன்றும் உண்டு. அந்தப் பெயரின் கீழ் பலவகை எண்ணெய்கள் இன்று விற்பனையாகின்றன. பழம்பாடலில் 'நாற்றம்' என்று வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நறுமணம் என்று பொருள் கொள்ள நமக்குத் தெரியும். அதே நிதானம் இங்கே மட்டும் ஏன் வருவதில்லை? பெயரைப் பிடித்துக்கொள்வதல்ல, அந்தப் பெயர் அன்று எந்த வேலையைச் சுட்டியது என்று பார்ப்பதே மூலத்துக்கு விசுவாசம். பின் அச்சுக்குச் சுட்டப்பட்ட வேலை ஹைப்பாயிட் பற்களைக் காப்பது. அதை இன்றைய ஜிஎல்-5 தாராளமாகச் செய்யும். அங்கே ஊற்றட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. 1972 வண்டியின் பின் அச்சு குடிப்பது ஒரு லிட்டருக்கும் குறைவு.

கியர்பாக்ஸில் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டிகளில் பலவற்றில் லேகாக் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் வேகப்பெட்டி கியர்பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தனி எண்ணெய் இல்லை, கியர்பாக்ஸ் எண்ணெயையே பகிர்ந்துகொள்கிறது. உள்ளே ஒரு கூம்புக் கிளட்ச். எண்ணெய் அழுத்தத்தால் நகர்ந்து, உராய்வால் பிடித்துக்கொள்ளும். உராய்வைக் குறைக்கும் கலப்புப் பொருட்களைச் சேர்க்கவே கூடாது என்று எச்சரிப்பது இதனால்தான். 'தேய்மானத்தை முற்றிலும் தடுக்கும்' என்று பாட்டிலில் விற்கும் அற்புத மருந்துகளை வாங்கி ஊற்றுகிறவர்கள், கிளட்ச் வழுக்கத் தொடங்கியதும் ஓவர்டிரைவைத் திட்டுவார்கள்.

விலை அதிகம், ஆகவே நல்லதுதானே என்பது அத்தானின் கடைசி அஸ்திரம். விலையைப் பற்றியே பேசுவோமே. எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்க முடியாது. எஞ்சினோடு சேர்த்தே தூக்கி வெளியே எடுக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வளையத்தை மாற்ற முழு எஞ்சினும் வெளியே வரும். 1988இலிருந்து இந்தக் காருக்கு முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கிறார்கள். அங்கே மறுபடி வாங்க முடியாதது மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது ஆண்டுகள் ஒன்றோடொன்று இழைந்து பழகிய வளையமும் கூம்பும் கடையில் கிடைப்பதில்லை.

இனி, கடைகளில் பெருகிக்கிடக்கும் 'ஜிஎல்-4/ஜிஎல்-5' இரட்டை முத்திரை. இதுதான் எல்லாவற்றையும் விட விஷமம். பல நேரங்களில் இதன் பொருள், ஐந்தின் சுமையைத் தாங்குவதால் நான்கின் சுமையையும் தாங்கும் என்பது மட்டுமே. பற்களைப் பொறுத்தவரை சரி. வளையத்தைப் பற்றி அந்தச் சாய்கோடு எதுவும் சொல்லவில்லை. கியர்பாக்ஸுக்கு எஞ்சின் எண்ணெய் ஊற்ற மனம் வராதவர்கள், ஜிஎல்-4 என்று மட்டும் எழுதியிருப்பதை, சிங்க்ரோ வளையங்களுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே தகவல் தாளில் சொல்லியிருப்பதைத் தேடி வாங்கட்டும். ஓவர்டிரைவ் இருந்தால் அதற்கும் ஒத்துவருமா என்று கேட்டுவிட்டு வாங்கட்டும். இல்லையேல் கையேடு சொன்ன 20டபிள்யூ-50 இருக்கவே இருக்கிறது. மலிவானது, எங்கும் கிடைப்பது, அந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்தது.

எதை ஊற்றினாலும், பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன் மேலே நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கீழே முழுவதும் வடித்துவிட்டு, மேல்மூடி துருவேறி இறுகிப்போய்த் திறக்காவிட்டால், எந்த எண் எண்ணெயாலும் அந்த வண்டி வீட்டைவிட்டு நகராது.