நிறம் சொல்வது என்ன?

ஜெலுத்தோங் சாலையிலிருந்து ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனை சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும், அங்குள்ள அணு மருத்துவப் பிரிவுக்குச் செல்லுமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அந்தச் சிறு தொலைவைக் கடக்கப் பலர் தயங்குகின்றனர். ‘அணு’ என்ற சொல் குண்டையும் உலை விபத்தையும் நினைவூட்டுவதே காரணம். அச்சத்தை வென்று பரிசோதனைக்குச் சென்றவர்களும், படத்தைப் பார்த்ததும் கலங்கி விடுகின்றனர். அப்படம் எவ்வாறு உருவாகிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்காததால்தான் இந்தக் கலக்கம்.

எக்ஸ்-ரே படத்தில் கருவி கதிரை அனுப்புகிறது. அணு மருத்துவத்தில் காமா கேமரா எதையும் அனுப்புவதில்லை. உடலிலிருந்து வரும் கதிரைப் பெற்றுக்கொள்ள மட்டுமே செய்கிறது. எலும்புப் பரிசோதனையில், டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து ஊசிவழி செலுத்தப்படுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் அது எலும்புகளில் படிகிறது. பிறகு நோயாளி கேமராவின் கீழ் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

இக்கேமராவை 1950களில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பவர் உருவாக்கினார். அதன் முகப்பில் நுண்துளைகள் நிறைந்த ஈயத்தட்டு உண்டு. நேராக வரும் கதிர்கள் மட்டுமே துளைகளில் நுழையும். பெரும்பாலானவை ஈயத்திலேயே நின்றுவிடும். நுழைந்த கதிர் சோடியம் அயோடைடு படிகத்தில் பட்டதும் சிறு ஒளி மின்னுகிறது. பின்னாலுள்ள குழாய்கள் அவ்வொளியை மின்துடிப்பாக மாற்ற, அது எந்த இடத்தில் தோன்றியது என்று கணினி கணக்கிட்டு, அதற்குரிய கட்டத்தில் ஒன்றைக் கூட்டுகிறது. முற்றத்தில் வரிசையாகப் பாத்திரங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மழைத்துளிகள் விழுந்தன என்று எண்ணுவது போன்ற வேலை இது. 128 வரிசை, 128 நிரல் என்றால் மொத்தம் 16,384 கட்டங்கள். கைப்பேசிப் படத்தின் பல இலட்சம் புள்ளிகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவே. படம் மங்கலாகத் தெரிவதைக் கருவியின் பழுது என்று எண்ண வேண்டியதில்லை.

ஆகவே, கணினியில் இருப்பவை எண்கள் மட்டுமே. அவற்றுக்குக் கறுப்பு வெள்ளை தருவதா, சிவப்பு மஞ்சள் நீலம் தருவதா என்பதை இயக்குபவர் தேர்ந்தெடுக்கிறார். நிற அளவை மாற்றினால் அதே எலும்பு வேறுவிதமாகத் தெரியும். அளவை மிகையாக உயர்த்தினால் சாதாரண இடமும் தீப்பற்றியது போல் ஒளிரும். மிகையாகத் தாழ்த்தினால் கவனிக்க வேண்டிய இடமே மறைந்துவிடும். சிறுநீர்ப்பை அழுத்தமாகத் தெரிவது நோயன்று. மருந்து அவ்வழியே வெளியேறுகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளும், மூட்டுவாதமும், ஆறிவரும் எலும்பு முறிவும்கூட அவ்வாறே தெரியும். இந்நிலையில், திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் பகிர்ந்து, சிவந்த புள்ளியைப் புற்றுநோய் என முடிவு கட்டுவது எத்துணை ஆபத்தானது!

இதனாலேயே நோயாளிக்குப் படத்தைக் காட்டாமல் இருப்பதே நல்லது என்று சிலர் வாதிடுவர். அது ஏற்கத்தக்கதன்று. மறைக்கப்படும் படம் அச்சத்தை வளர்க்கவே செய்யும். படத்தின் ஓரத்திலுள்ள நிற அளவுகோலைச் சுட்டி, நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இரண்டு நிமிடம் விளக்கலாம். மலாய், சீனம், தமிழ் மூன்றும் புழங்கும் பினாங்கில் இது பெரிய கோரிக்கையா, என்ன?

விளக்கம் முன்கூட்டியே கிடைத்தால் பரிசோதனையைத் தவிர்ப்போரும் குறைவர். டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு நாளில் அதன் கதிரியக்கம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிறுநீர்வழி வெளியேறுவதால் உடலில் எஞ்சுவது அதனினும் குறைவு. நிறையத் தண்ணீர் குடிப்பது, சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கருவுற்றோரையும் நெருங்காதிருப்பது போன்ற அறிவுரைகளைப் பின்பற்றினால் போதும். அதே 6 மணி நேரக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. காலையில் ஒருவருக்கெனத் தயாரித்த மருந்தை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது. அச்சத்தால் ஒருவர் வராமல் போனால், அன்றைய மருந்தும் வீண்; வரிசையில் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடமும் வீண்.