டெபாசிட் இழந்தவர்களுக்கும் செய்தி உண்டு

வாக்கு வாங்காத கட்சிக்கு நாளிதழில் இடம் எதற்கு என்று கேட்கிறார் நண்பர். தேர்தல் முடிந்ததும் வென்றவரைப் பற்றி எழுதினால் போதுமாம். அவர் மலேசியாவின் பொந்தியான் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும்.

2018 பொதுத்தேர்தலில் அங்குள்ள தஞ்சோங் பியாய் தொகுதியில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி வென்றது வெறும் 524 வாக்கு வித்தியாசத்தில். மூன்றாவதாக வந்த பாஸ் கட்சி வேட்பாளர் பெற்றவை 2,962; வெற்றி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அந்த வாக்குகள் யாருடையவை, ஏன் போயின என்பதை விட்டுவிட்டு அந்த முடிவை எப்படி விளக்குவது?

உறுப்பினர் காலமானதால் 2019 நவம்பரில் அங்கே இடைத்தேர்தல். மலேசிய சீனர் சங்கத்தின் (ம.சீ.ச.) வீ ஜெக் செங் 15,086 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். கெராக்கான் கட்சியின் வெண்டி சுப்பிரமணியம் உட்பட நால்வர் டெபாசிட் இழந்தார்கள். வெண்டிக்கு விழுந்தவை 1,707. இம்முறை அது முடிவை மாற்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்தைய தேர்தலின் வித்தியாசத்தைவிட அது மூன்று மடங்கு.

நண்பர் பிரிட்டனை வேறு சாட்சிக்கு அழைக்கிறார். ஆனால் 2015இல் அங்கே யுகிப் கட்சிக்கு 38 லட்சம் வாக்குகள், ஒரே ஓர் இடம். இடத்தை மட்டும் எண்ணியவர்கள் அதை ஓரங்கட்டியிருப்பார்கள். அடுத்த ஆண்டே, அந்தக் கட்சி கேட்டபடி, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற நாடு வாக்களித்தது.