தாய்லாந்துக் கடற்கரையில் எங்கே உண்பது?

பிற நாடு செல்வோர் கண்ணுக்கு வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் முன்கூட்டியே செய்துகொள்கின்றனர். நாவிற்கு வேண்டியதை மட்டும் தற்செயலுக்கு விட்டுவிடுகின்றனர். எந்தத் தீவு, எந்த விடுதி, எந்தக் கடற்கரை என்று பல நாள் ஆராய்ந்தவரும், பசி வந்தவுடன் கண்ணிற் பட்ட முதற் கடையில் நுழைந்துவிடுகின்றார். இக்காலத்தில் நம்மவர் விடுமுறையைத் தாய்லாந்துக் கடற்கரைகளிற் கழித்து வருதல் அரிதன்று. திரும்பி வந்தோரை வினவினால், கடலைப் புகழ்கின்றனர். உணவைப் பற்றிக் கேட்டாலோ, “விலை அதிகம், சுவை குறைவு” என்று சிலரும், “நம் நாட்டார் கடையொன்று அகப்பட்டது, பிழைத்தோம்” என்று சிலரும் கூறுகின்றனர். உணவிற்கென்றே உலகமெங்கும் பேர்பெற்ற ஒரு நாட்டிற்குச் சென்றவர் இவ்வாறு கூறுதல் வியப்பன்றோ? குற்றம் அந்நாட்டினுடையதன்று, உண்ணுமிடம் தேடிய முறையினுடையது என்பது என் துணிபு.

என் கருத்தைச் சுருங்கச் சொல்லின், கடலை நோக்கிக் குளிக்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி உண்ண வேண்டும். “அழகு சோறு போடுமா?” என்பது நம் பழமொழி. கடலின் அழகு சோறு போடாது. போட்ட சோற்றின் விலையை மட்டும் உயர்த்தும். இதற்குக் காரணம் கடைக்காரரின் பேராசை என்று எண்ணிவிடலாகாது. மணலை ஒட்டிய இடத்திற்கு வாடகை மிக அதிகம். அன்றியும், அந்தமான் கடற்பக்கத்துப் புக்கெட், கிராபி முதலிய இடங்களில் மே மாதம் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும், அலை மிகும், செங்கொடி நாட்டிக் குளிப்போரைத் தடுப்பர். ஆகவே, எஞ்சிய ஆறு மாதங்களில் ஓராண்டின் வாடகையையும் கூலியையும் ஈட்டியாக வேண்டும். வருவோரோ நான்கு நாள் தங்கிப் போய்விடுபவர். உணவு நன்றாயிருப்பினும் நன்றாயில்லாவிடினும் மறுபடி வருவாரென்பது நிச்சயமில்லை. ஆதலின், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக ஒரு சமையலைச் செய்கின்றனர். மிளகாயைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டுகின்றனர். ஒரே அடுக்களையில் இத்தாலியர் பண்டமும், சீனர் பண்டமும், நம் நாட்டுக் கறியும், தாய்லாந்துக் குழம்பும் வேகின்றன. எல்லாம் செய்பவன் ஒன்றையும் நன்றாய்ச் செய்யான் என்பது தொழிலனைத்திற்கும் பொருந்தும் உண்மை.

இதனை யானும் காசு கொடுத்தே கற்றேன். முதன்முறை சென்றபோது, கடலோரக் கடையொன்றின் வாயிலிற் பனிக்கட்டியின்மேல் அடுக்கியிருந்த மீன்களைக் கண்டு மயங்கி, பெரிய மீனொன்றைச் சுட்டிக் காட்டினேன். பலகையில் எழுதியிருந்த விலை மிகக் குறைவாகவே தோன்றிற்று. உண்டு முடித்துக் கணக்கு வந்தபொழுதுதான், அவ்விலை மீன் ஒன்றிற்கன்று, 100 கிராமிற்கு என்பது விளங்கிற்று. அவர்கள் பொய் சொல்லவில்லை, யான்தான் படிக்கவில்லை. இவ்வழக்கம் அக்கடற்கரைகளிற் பரவலாக உண்டு. எடையையும், மொத்த விலையையும், சமையற் கூலியையும் அடுப்பிலேற்று முன்னரே கேட்டறிதல் நலம். மறுநாட் காலை, அவ்விடுதியிற் பணிசெய்யும் பெண்களும் வண்டியோட்டிகளும் எங்கே செல்கின்றனர் என்று பார்த்து, அவர்கள் பின்னே நடந்தேன். நாலு தெரு தாண்டி, தகரக்கூரையின் கீழ், முதல்நாட் செலவில் மிகச் சிறு பங்கிற்கு, முதல்நாள் கிட்டாத உணவு கிட்டிற்று. அன்று தொடங்கியதே இக்கருத்து.

உதாரணமாகப் புக்கெட் தீவையே எடுத்துக்கொள்வோம். இத்தீவு கடற்குளியலாற் பேர்பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஈயம்போன்ற வெள்ளீயத்தாற் பேர்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் அச்சுரங்கங்களில் வேலைசெய்யச் சீனத்து ஹொக்கியன் மக்கள் திரளாக வந்து குடியேறினர். தென்பகுதித் தாய் மக்களும், மலாய் வழிவந்த முஸ்லிம்களும், கடலையே வீடாகக் கொண்ட ‘சாவ் லே’ மக்களும் அவர்களோடு வாழ்ந்தனர். இந்நால்வகையாரின் அடுக்களைகளும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தமையால், 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் புக்கெட்டைச் ‘சமையற்கலை நகரம்’ என்று சிறப்பித்தது. தாய்லாந்தில் அச்சிறப்பை முதற்கண் பெற்றது இதுவே. இங்ஙனம் சிறப்புற்ற சமையல் பாதோங், கரோன், காடா என்னும் மணற்கரைகளிற் பிறந்ததன்று. அவற்றின் மறுபக்கத்தே சீனர் கட்டிய பழைய கடைவீடுகள் நிறைந்த புக்கெட் நகரத்திலும், சந்தைகளிலும், மசூதித் தெருக்களிலும் பிறந்தது. கடற்கரையிலிருந்து அரைமணி முதல் ஒருமணி நேரப் பிரயாணம். அவ்வளவு தூரம் வண்டியேற மறுப்பவர், தாம் எந்த ஊருக்கு வந்தோம் என்பதையே அறியாமல் திரும்புகின்றனர்.

நன்றாக உண்ண விரும்புவோர் இடத்தை மட்டுமன்றி வேளையையும் அறிதல் வேண்டும். அந்நாட்டில் ஒவ்வோர் உணவிற்கும் உரிய பொழுதுண்டு. காலையில் உண்ணத்தக்கது ‘கனோம் சீன்’. புளிக்கவைத்த அரிசிமாவை நம் இடியாப்பம்போல் அச்சிற் பிழிவர். ஆனால் ஆவியில் வேகவையாது கொதிநீரில் இடுவர். அவ்விழைகளின்மேல் மீன் மசித்த தேங்காய்ப்பாற் குழம்பை ஊற்றுவர். மேசைமேல் வெள்ளரி, முளைப்பயறு, ஊறுகாய், பச்சிலைகள் முதலியன தட்டுத்தட்டாக இருக்கும். வேண்டியதை எடுத்துக் கலந்துகொள்ளலாம். முஸ்லிம்கள் கடையிற் கல்லின்மேல் வீசிப்போடும் ‘ரொட்டி’யும் காலை உணவே, அதனைக் குழம்பிற் தோய்த்து உண்பர். நம் புரோட்டாவை அறிந்தவர்க்கு அது உறவினரைக் கண்டாற்போலிருக்கும். இரவிற் கடற்கரை வீதிகளில் வாழைப்பழமும் கட்டிப்பாலும் இட்டு விற்கும் ரொட்டி வேறு. அது பிரயாணிகளுக்காக ஏற்பட்ட தின்பண்டம்.

நண்பகலில் நாடவேண்டியது ‘காவ் கேங்’ எனப்படும் சோற்றுக்கடை. பத்துப் பதினைந்து குழம்புகளும் வறுவல்களும் தட்டுகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். மொழி தெரியாதவரும் விரலாற் சுட்டிக் காட்டலாம். மஞ்சளும் புளிப்பும் கூடிய ‘கேங் சோம்’ மீன் குழம்பு நம் புளிக்குழம்பிற்கு நெருங்கிய சுற்றம். ‘குவா கிளிங்’ என்பது கொத்திய இறைச்சியை மசாலையுடன் நீரின்றி வறுத்தது. காரத்தில் நம் ஆந்திர நண்பரையும் சோதிக்கும். ‘சதோ’ என்னும் நெடிமிக்க கொட்டையை இறாலுடன் வதக்குவர். ‘லியங்’ என்னும் இளந்தழையை முட்டையுடன் கிளறுவர். காரம் வேண்டாதார்க்கு இதுவே துணை. நண்டின் சதையை வெற்றிலையை ஒத்த இலையுடன் தேங்காய்ப்பாலிற் காய்ச்சி, மெல்லிய அரிசி இழையுடன் தரும் குழம்பு இத்தீவின் பெருமைகளுள் ஒன்று. பன்னிரண்டு மணிக்குமுன் சென்றால் எல்லாம் கிடைக்கும். இரண்டு மணிக்குமேற் சென்றால் நல்லவை தீர்ந்திருக்கும்.

பிற்பகல் வெயிலில், வாழைப்பழமும் ஒருவகை விதையும் சேர்த்து உறையச்செய்த ‘ஓ-எவ்’ என்னும் பளிங்குபோன்ற பாகைச் சீவிய பனிக்கட்டியுடன் உண்ணலாம். மாலையில் ஹொக்கியன் மக்களின் தடித்த மஞ்சள் ‘மீ’ இழைகளை வாணலியிற் கிளறித் தருவர். ஞாயிறு மாலைகளிற் பழநகரின் தாலாங் வீதியில் வண்டிகளை நிறுத்திச் சந்தை கூடும். குடும்பத்துடன் நடந்துகொண்டே பலவற்றைச் சிறிது சிறிதாகச் சுவைப்பதற்கு ஏற்ற இடம் அதுவே.

இனி, இதற்குக் கூறப்படும் மறுப்புகளை ஆராய்வோம். முதலாவது, தெருவுணவு நோய் தரும் என்பது. அச்சம் நியாயமானதே, ஆனால் கூரையும் விரிப்பும் உணவைத் தூய்மையாக்கா. கூட்டம் மிக்க கடையில் உணவு தேங்குவதில்லை. கண்முன் வெந்து சூடாக வருவதற்கு அஞ்சவேண்டியதில்லை. மணிக்கணக்காக ஆறிக்கிடந்ததை, அது எத்துணைப் பெரிய விடுதியின் மேசையிலிருப்பினும் விலக்குக. நீரைப் புட்டியில் அடைத்ததாகவே பருகுக. இரண்டாவது, காரம். “மை பெட்” என்னும் இரண்டு சொற்கள் ‘காரம் வேண்டாம்’ என்று பொருள்படும். இழையுணவு தரும் கடைகளின் மேசைமேல் மிளகாய்த்தூள், மிளகாயிட்ட காடி, மீன்சாறு, சர்க்கரை என்னும் நான்கும் இருக்கும். கடைக்காரர் தருவது முடிந்த உணவன்று, உண்பவர் தம் நாவிற்கேற்ப முடித்துக்கொள்வதற்கே இவை.

மூன்றாவது மறுப்பு நம்மவர்க்கே உரியது. அது புலால் உண்ணாமை. இதில் எச்சரிக்கை தேவை. காய்கறி மட்டும் இட்ட பண்டத்திலும் மீன்சாறோ இறால்விழுதோ சிப்பிச்சாறோ கலந்திருத்தல் இயல்பு. கடைக்காரர் அதனைப் புலாலென்று எண்ணுவதேயில்லை. “இறைச்சி வேண்டாம்” என்றால் போதாது. “ஜே” என்று கேட்க வேண்டும். மஞ்சட்கொடியிற் செவ்வெழுத்துத் தாங்கிய கடைகளில் முட்டையும் பாலும், பூண்டும் வெங்காயமுங்கூட இல்லை. சீனர் கணக்கின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, ஒன்பது நாள் புக்கெட்டில் இந்நோன்பு பெருவிழாவாக நடைபெறும். 1825-ஆம் ஆண்டில் நோயுற்ற சீன நாடகக் குழுவினர் இந்நோன்பிருந்து நலம்பெற்றனர் என்பது அவ்வூரார் சொல்லும் வரலாறு. அந்நாட்களிற் செல்லும் சைவர்க்குத் தெருவெல்லாம் விருந்து.

இதுகாறும் நாவின் இன்பத்தைப் பற்றியே பேசினேன். இதனினும் மேலான காரணம் ஒன்றுண்டு. விருந்தினர் செலவிடும் பணம் யார் கையிற் சேர்கின்றது என்பது சிறிய வினாவன்று. புக்கெட்டின் தென்கோடியில் ராவாய் என்னும் ஊரில், ‘உராக் லவோய்’ எனப்படும் கடல்மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் குடியிருப்பை ஒட்டி மீன்சந்தை உண்டு. அங்கே மீனை வாங்கி எதிரிலுள்ள கடையிற் கூலி கொடுத்துச் சமைக்கச் செய்யலாம். ஆனால், உல்லாசப் பிரயாணம் பெருகி நிலத்தின் விலை ஏறவே, தலைமுறை தலைமுறையாய் அவர்கள் வாழ்ந்த நிலத்திற்குப் பிறர் பத்திரம் காட்டினர், வழக்குகள் எழுந்தன, 2016-ஆம் ஆண்டில் கடலுக்குச் செல்லும் வழி பற்றிய பூசலில் அம்மக்கள் பலர் காயமுற்றனர். மீன் பிடித்தவன் கரையில் நிற்க இடமின்றித் தவிக்க, கரையை விலைக்கு வாங்கியவன் மேசையில் அம்மீனை நாம் உண்பதாயின், அவ்வுணவில் ஏதோ ஒரு கசப்பு உண்டென்றே கருதுகின்றேன். நாம் ஒரு வேளை உண்பதனால் அவ்வழக்குத் தீர்ந்துவிடாது. எனினும், அவர்கள் கையாற் பிடித்ததை அவர்களிடமே வாங்குதல் விருந்தினன் செய்யக்கூடிய சிறு நீதியாகும்.

தமிழர்க்கு இக்கரை முற்றும் அயலூரும் அன்று. காவ் லாக் என்னும் கடற்கரைக்குச் சிறிது வடக்கே தகுவாபா என்னும் ஊர்ப்புறத்திற் கண்டெடுக்கப்பட்ட 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தாரையும் குறிக்கின்றது. அன்று நம்மவர் அங்கே சென்று குளம் வெட்டி வைத்தனர். நாமோ நம்மூர்ச் சாம்பாரைத் தேடி அலைந்து, அவ்வூர்ச் சோற்றை முகராமலே திரும்புகின்றோம்.

அந்நாட்டார் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, “சோறு உண்டாயிற்றா?” என்று வினவுதல் வழக்கம். நம் வீட்டுத் திண்ணையிலும் அதே வினாவைத்தானே கேட்டு வளர்ந்தோம்! அவ்வினாவை அன்போடு கேட்கும் மக்கள் தாம் உண்ணும் பலகையில் நமக்கும் இடம் விடத் தயங்கார். ஆதலின், விடுமுறைக்குச் செல்லும் நண்பர்காள், பெயர்ப்பலகையின் மொழிகளை எண்ணுங்கள். மொழிகள் கூடக் கூடச் சுவை குறையும். ஊரார் கூட்டமாயிருக்கும் கடையில் அவர்கள் உண்ணும் வேளையில் அமருங்கள். பக்கத்தில் உண்பவர் தட்டைச் சுட்டிக் காட்டுங்கள். கடல் எங்கும் போய்விடாது. உண்டு முடித்தபின் சென்று காணலாம்.